சோறு போட்டால் ஆறு மாசம் ஜெயில்: திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ஒரு மின்சார ஸ்கூட்டர் பயணம்

1930 ஏப்ரல் மாசம். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு உத்தரவு. வழியில் நடந்து வருகிற சிலருக்கு நீங்கள் சோறு போட்டாலோ, திண்ணையில் படுக்க இடம் கொடுத்தாலோ ஆறு மாசம் வரை ஜெயில்.

ஆமாங்க. சோறு போட்டதுக்கு.

உத்தரவு போட்டவர் கலெக்டர் ஜே.ஏ. தோர்ன், ஐ.சி.எஸ். நடந்து வந்தவர்கள் ராஜாஜியும் அவரோடு வந்த சுமார் நூறு தொண்டர்களும். போகிற இடம் வேதாரண்யம். போகிற காரியம் கடலோரத்தில் கொஞ்சம் உப்பு அள்ளுவது.

பள்ளிக்கூடத்தில் இதை இரண்டு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். "வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்?" ராஜாஜி. முடிஞ்சது. நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்தக் கதையில் ராஜாஜி பாதிதான். மீதிப் பாதி அந்த வழியில் இருந்த ஊர்க்காரர்கள். இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

போன ஏப்ரலில் நாங்கள் ஒன்பது பேர் அதே வழியில் மின்சார ஸ்கூட்டரில் போய் வந்தோம். மருத்துவர்கள் மூணு பேர், செவிலியர்கள், ஒரு மருந்தாளுநர், ஒரு லேப் டெக்னீஷியன். எல்லாரும் டெல்டாவில் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் 15 நாளில் நடந்த வழியை நாங்கள் 2 நாளில் முடித்தோம். போகப் போக அந்த உத்தரவுதான் எனக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் புறப்பட்ட இடம். திருச்சி கண்டோன்மென்ட்டில் ஒரு டாக்டர் வீடு. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். 1880ல் பிறந்த ஸ்ரீரங்கத்துக்காரர். சென்னையில் மருத்துவம் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்து போய் மேற்படிப்பு. லண்டனில் வ.வே.சு. அய்யர், சாவர்க்கர் எல்லாம் புழங்கிய இந்தியா ஹவுஸ் வட்டாரத்தில் இவரும் இருந்தார். திரும்பி வந்து திருச்சியில் நல்ல பிராக்டிஸ். அந்த வசதியோடு பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, அவர் வீட்டிலிருந்துதான் யாத்திரை கிளம்பியது. 11 வருஷத்துக்கு முன்னால், 1919ல், ஜாலியன்வாலாபாக் நடந்ததும் அதே ஏப்ரல் 13தான்.

காந்தி மார்ச் 12ல் சபர்மதியிலிருந்து கிளம்பி ஏப்ரல் 6ல் தண்டியில் உப்பெடுத்து முடித்திருந்தார். அவருடையது 385 கிலோமீட்டர் சொச்சம். இங்கே 150 மைல், சுமார் 240 கிலோமீட்டர். ஒரு நாளைக்குப் பத்து மைல் என்று கணக்கு. நேராக மன்னார்குடி வழியாகப் போனால் தூரம் இன்னும் குறைவு. ஆனால் ராஜாஜிக்கு அவசரம் இல்லை. எத்தனை ஊரைத் தொட முடியுமோ அத்தனை ஊரைத் தொட வேண்டும். போகிற ஊரில் தெருவைப் பெருக்க வேண்டும், கதர் பற்றிப் பேச வேண்டும், தீண்டாமை கூடாது என்று சொல்ல வேண்டும். நாமக்கல் கவிஞர் இதற்காகவே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு போக வேண்டும்.

வழி இப்படி. திருச்சியிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்.

வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், முழுக்க ஆத்தங்கரைதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று பிரிகிறது இல்லையா? முதல் நாலைந்து ஊர் காவிரியை ஒட்டி. கும்பகோணம் தாண்டினால் குடமுருட்டி ஓரம் வலங்கைமான். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறே மூன்றாகப் பிரியும்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மன்னார்குடிக்குப் பாமணியாறு, திருத்துறைப்பூண்டிக்கு முள்ளியாறு. தண்ணீர் கடலுக்குப் போகிற வழியிலேயே இவர்களும் போயிருக்கிறார்கள்.

தண்ணீர் என்று சொன்னேனே தவிர, சித்திரையில் எங்கே தண்ணீர்? நாங்கள் போனபோது மணல்தான். அன்றைக்கு மேட்டூர் அணையே கட்டி முடியவில்லை, அது 1934ல்தான் முடிந்தது. ஆகவே அவர்கள் நடந்ததும் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இப்போ கலெக்டருக்கு வருவோம்.

தோர்ன் முட்டாள் இல்லை. நடப்பவர்களை வழியிலேயே அடித்துப் பிடித்தால் அவர்கள் ஹீரோ ஆகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் நடப்பவர்களை விட்டுவிட்டு, சோறு போடுகிறவர்களைப் பிடித்தார். தினம் இரண்டு வேளை நூறு இலை போட ஆளில்லை என்றால் யாத்திரை நாலாம் நாள் தானாகப் படுத்துவிடும். மருத்துவப் பாஷையில் சொன்னால், நோயாளியைத் தொடாமல் டிரிப் டியூபை மட்டும் கழற்றிவிடுகிற வேலை.

அதற்கு அவர் எடுத்த ஆயுதம் இந்திய தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்துக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "கூலிக்கு அமர்த்தப்பட்ட" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். வந்தவர்கள் சொந்தச் செலவில், வேலையை, படிப்பை விட்டுவிட்டு வந்த தொண்டர்கள். அவர்களைக் கூலிப்படை கணக்கில் சேர்த்ததே அடாவடி. ஆனாலும் உத்தரவைத் துண்டுப் பிரசுரமாக அடித்து, பத்திரிகையில் போட்டு, தண்டோராவும் போட்டார்கள். தோர்ன் என்றால் இங்கிலீஷில் முள். ராஜாஜி சும்மா விடுவாரா, அந்தப் பெயரை வைத்தே சிலேடை பேசினார்.

கோவிலடியே தஞ்சாவூர் ஜில்லா. அதாவது கிட்டத்தட்ட முதல் ராத்திரியிலிருந்தே உத்தரவு அமல்.

ஜனங்க என்ன செய்தார்கள் தெரியுமா?

சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது? தெரியாது. யாருக்காக? அதுவும் எழுதவில்லை. மரத்தில் தொங்குகிற பொட்டலத்தை யாரோ எடுத்துச் சாப்பிட்டால் யார் மேல் கேஸ் போடுவது? ஆத்தங்கரையில் தங்கினால், பக்கத்தில் மணலுக்குள் அண்டாவில் சாப்பாட்டைப் புதைத்து வைத்துவிட்டு, இடத்தை மட்டும் ஜாடையாகக் காட்டிவிட்டுப் போனார்கள்.

இதை யாரும் ஒரு இடத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டுத் தரவில்லை. தலைவர் சொல்லித் தரவில்லை. பசியோடு வாசலில் வந்தவனைச் சும்மா அனுப்பக் கூடாது என்று பழகிய ஊர், சட்டம் வந்ததும் வாசலை மட்டும் மாற்றிக்கொண்டது. எனக்கு இந்த யாத்திரையிலேயே பெரிய விஷயமாகப் படுவது இதுதான். உப்பு அள்ளியது கடைசி நாள் ஒரு கைப்பிடி. சட்டத்தை மீறியது 15 நாளும், தினம் இரண்டு வேளை, யாரோ ஒரு வீட்டு அடுப்படியில்.

எல்லாரும் ஒளிந்து செய்யவில்லை. கும்பகோணத்தில் பந்துலு அய்யர் தன் வீட்டிலேயே வைத்து, ஊரறிய விருந்து போட்டார். கைது, சிறை. திருத்துறைப்பூண்டியில் ராமச்சந்திர நாயுடு சத்திரத்தில் உபசரித்தார். அவரும் கைது. இவர்கள் பெயர் பதிவில் இருக்கிறது, ஏனென்றால் மாட்டினார்கள். மரத்தில் பொட்டலம் கட்டியவர்கள் மாட்டவில்லை, அதனால் பெயரும் இல்லை. அடுப்படி என்றால் பெரும்பாலும் பெண்கள். அந்தச் சோறு எத்தனை பேர் வீட்டுச் சோறு, அன்றைக்கு அவர்கள் வீட்டில் யாராவது குறைத்துச் சாப்பிட்டார்களா, அதெல்லாம் எந்த ரிக்கார்டிலும் வராது.

இங்கே நம்ம ஸ்கூட்டர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மின்சார ஸ்கூட்டரில் கம்பெனிக்காரர் சொல்கிற கிலோமீட்டர் ஒன்று, ஆள் ஏறி, ஏப்ரல் வெயிலில், மூட்டையோடு ஓட்டினால் கிடைக்கிற கிலோமீட்டர் வேறு. எங்களுக்கு 80 தாண்டினாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். முதல் நாள் கும்பகோணம் வரை 120 சொச்சம். தஞ்சாவூரில் சார்ஜிங் பாயின்ட் கிடைத்தது, பிரச்சினை இல்லை. இரண்டாம் நாள் மன்னார்குடி தாண்டிய பிறகு கதை மாறியது. பெட்ரோல் வண்டிக்கு எங்கே போனாலும் பங்க் இருக்கு. இதற்கு? யார் வீட்டிலாவது பிளக் கேட்க வேண்டும்.

ஒன்பது வண்டியையும் ஒரே வீட்டில் போட்டால் அந்த வீட்டு ஃபியூஸ் தாங்காது. அதனால் தெருவில் ஐந்து வீட்டுக்குப் பிரித்தோம். முன்பின் தெரியாத ஆளுக்கு, "கொஞ்சம் கரண்ட் தர்றீங்களா" என்று வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் தெரியும் அது எவ்வளவு கூச்சமான காரியம் என்று. யாரும் மறுக்கவில்லை. ஒரு பாட்டி நாங்கள் நீட்டிய பணத்தைப் பார்த்துவிட்டு, "கரண்டுக்குப் போயி காசு வாங்குவாங்களா தம்பி? மோர் இருக்கு, குடிங்க" என்றார். வெயிலில் ஓட்டிய சூட்டோடு பேட்டரியைச் சொருகக் கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். அந்த அரை மணி நேரமும் திண்ணையில்தான். பிறகு மூணு மணி நேரம் சார்ஜ்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் தோர்ன் உத்தரவு எனக்குச் சுருக்கென்று பட்டது. இந்தப் பாட்டிக்கு, இந்த மோருக்கு, ஆறு மாசம். 1930ல் அவர் அதைத் தெரிந்துகொண்டே கொடுத்திருக்க வேண்டும். எங்கள் பயணத்தை அதோடு ஒப்பிடவே கூடாது, எங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வழியில் போயிருந்தால் இது புரிந்திருக்காது. பேட்டரி தீருகிற வண்டி என்பதால் ஊர்க்காரரிடம் போய் நின்றோம். அவ்வளவுதான்.

(ஒரு சின்ன விஷயம். அந்த லித்தியம் பேட்டரிக்குள்ளே மின்சாரத்தைக் கடத்துவதும் ஒரு உப்புதான், லித்தியம் உப்பு. லேப் டெக்னீஷியன் தம்பி இதைச் சொல்லிவிட்டு வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டே வந்தார்.)

உப்பு என்று வந்துவிட்டது. இதை ஒரு மருத்துவனாகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஓ.பி.யில் உட்கார்ந்து நான் தினம் சொல்வது: உப்பைக் குறைங்க, ஊறுகாய் வேண்டாம், கருவாடு வேண்டாம். பிரஷருக்கு அது சரி. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஆனால் வெயிலில் நடவு நடுகிற, அறுப்பு அறுக்கிற உடம்புக்குக் கணக்கு வேறு. வியர்வையோடு உப்பும் போகும். நாள் முழுக்க வெயிலில் உழைத்தால் கிராம் கணக்கில் போகும். போன உப்பு திரும்ப வராவிட்டால் தசைப்பிடிப்பு, தலைசுற்றல், மயக்கம். நம்ம ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது, அது சும்மா ருசிக்குப் போட்டது இல்லை.

இப்போ வரியைப் பாருங்கள். 1930ல் ஒரு மணங்கு உப்புக்கு 1 ரூபாய் 4 அணா வரி. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. மனுஷன், மாடு எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு வருஷம் 25 கிலோ என்று வைத்தால் சுமார் 13 அணா வரி. பண்ணையாருக்கு அது ஒரு வெற்றிலைச் செலவு. பண்ணையாளுக்கு? அவருக்குக் கூலியே நெல்லாக அளந்து போட்ட காலம். கையில் காசு பார்ப்பதே அபூர்வம். ஏசியில் இருப்பவனை விட வியர்க்கிறவனுக்கு உப்பு அதிகம் தேவை. ஆகவே யார் அதிகம் வியர்க்கிறார்களோ அவர்கள் அதிகம் வரி கட்டுகிறார்கள். இதைவிடக் கேவலமான வரி ஒன்றை யோசிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, வீட்டு வாசலில் கடல் இருந்தாலும், காய்ந்து கிடக்கிற உப்பைச் சுரண்டி எடுத்தால் குற்றம்.

சரி, வேதாரண்யம்.

ஏப்ரல் 28ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். வரவேற்றவர் அ. வேதரத்தினம் பிள்ளை. இவரே உப்பு வியாபாரக் குடும்பம்! அரசாங்க லைசென்ஸை நம்பிப் பிழைக்கிற தொழில். இந்த யாத்திரையை எதிர்ப்பதற்கு இந்த ஊரிலேயே அதிகக் காரணம் உள்ளவர் அவர்தான். அவர்தான் எல்லாருக்கும் இடமும் சோறும் ஏற்பாடு செய்தார். விளைவு, சிறை, சொத்துப் பறிமுதல். பின்னால் ஊர் அவரை "சர்தார்" ஆக்கியது. 1946ல் அவர் ஆரம்பித்த கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இன்றைக்கும் வேதாரண்யத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 30 காலை அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார். கைது. ஆறு மாதம் கடுங்காவல், 200 ரூபாய் அபராதம். அப்போது அவருக்கு வயது 51.

அவர் போன பிறகும் அடங்கவில்லை. கே. சந்தானம் பொறுப்பெடுத்தார். தடியடி, கைது, மறுநாள் மறுபடி உப்பு. பக்தவத்சலம் தடியடியில் காயம்பட்டது இங்கேதான். ருக்மிணி லட்சுமிபதி இங்கேதான் கைதானார், உப்பு சத்தியாகிரகத்துக்காகச் சிறை போன முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு துறைப் பாசம் உண்டு. டாக்டர் ராஜன் 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார அமைச்சர். ருக்மிணி லட்சுமிபதி 1946ல் சென்னை மாகாண சுகாதார அமைச்சர். ஒரே உப்பளத்திலிருந்து நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு இரண்டு அமைச்சர்கள்!

அமைச்சர்களை விடுங்கள். வைரப்பன் தெரியுமா உங்களுக்கு?

வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி. சத்தியாகிரகிகளை அடிக்க வந்த போலீசுக்கு முடிவெட்டுவதில்லை, துணி வெளுப்பதில்லை என்று ஊரே முடிவு செய்திருந்த நேரம். ஒரு ஆள் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தார். வைரப்பன் முகச்சவரம் ஆரம்பித்துவிட்டார். பாதியில் தெரிந்தது, வந்தவர் போலீஸ். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாதி முகம் மழித்தபடி, பாதி முகம் சோப்பு நுரையோடு. விவகாரம் நீதிபதி முன்னால் போனது. மீதியை முடித்துவிடு, விட்டுவிடுகிறேன் என்றாராம் நீதிபதி. வைரப்பன் தன் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்து, வேண்டுமானால் நீங்களே முடித்துவிடுங்கள் என்றாராம். ஆறு மாதம் சிறை.

வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. போனால் பாருங்கள். சாதி அடுக்கில் கடைசியில் வைக்கப்பட்ட ஒரு தொழிலாளி, மாஜிஸ்திரேட்டைப் பார்த்து உன் வேலையை நீ பார்த்துக்கொள் என்கிற தொனியில் பேசுவது 1930ல் என்ன விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். உப்பைத் தொட்டதை விட இது பெரிய சட்டமறுப்பு என்பது என் கட்சி.

தோர்ன் கடைசியில் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு விசுவாசம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இப்போது இல்லை என்ற பொருளில் எழுதினார். அந்த மட்டில் நேர்மையான மனிதர்.

1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம் வந்தது. சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், கடலோர மக்கள் வீட்டு உபயோகத்துக்கு உப்பு எடுக்கலாம் என்றானது. உப்பு வரி ஒழிந்தது 1947ல்தான். 157ஆம் பிரிவு அதற்குப் பிறகும் 77 வருஷம் புத்தகத்தில் இருந்தது. 2024 ஜூலை 1ல் இந்திய தண்டனைச் சட்டமே போய்ப் புதுச் சட்டம் வந்தது.

நீங்களும் போக நினைத்தால் சில குறிப்புகள். ஏப்ரலில் போவதென்றால் காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்தரைக்கு நிறுத்திவிடுங்கள், மறுபடி நாலு மணிக்கு மேல். ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிட்டு வீரம் காட்ட வேண்டாம். மன்னார்குடியில் முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி வேண்டாம் என்றால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலே இருக்கிறது. மீட்டர் கேஜ் நின்று போய், அகலப் பாதையாகி, 2023 ஏப்ரலில் மறுபடி ஓட ஆரம்பித்த 37 கிலோமீட்டர்.

சாலையோரம் பொட்டலம் கட்டிய அந்த மரங்களைத் தேடாதீர்கள். திருத்துறைப்பூண்டி - வேதாரண்யம் பக்கம் 2018 நவம்பர் 16 கஜா புயல் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டது. அந்த வாரம் மருத்துவ முகாமுக்காக நான் அந்தச் சாலையில் போனபோது, ஊர்க்காரர்கள் சாலையில் நின்று வருகிற வண்டியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாராவது சோறு கொண்டு வருகிறார்களா என்று.

அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் ரோட்டிலிருந்தே தெரியும். சுற்றி உப்பளம், தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து இங்கேதான் அதிகம். நாங்கள் போன அன்றைக்கும் காலையிலேயே பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். எங்கள் செவிலியர் ஒருவர் பேச்சுக் கொடுக்க, அவர்களில் ஒரு அக்கா பாதத்தில் இருந்த வெடிப்பைக் காட்டி, இதுக்கு என்ன மருந்து போடலாம் என்று கேட்டார். பையில் இருந்த களிம்பைக் கொடுத்து, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கச் சொன்னேன். பூட்ஸ் போட்டா உப்புக்குள்ள கால் வழுக்குது சார் என்றார்.